யானை பார்க்கப் போனால் ஒரு நாள் முழுக்கத் தாங்குமா?

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் துபாயில் இருக்கும் நம்ம ஆட்களிடம் மூன்றே பேச்சுதான். விமான டிக்கெட் விலை, பெட்டியின் எடை, ஊருக்குப் போனால் பிள்ளைகளை எங்கே கூட்டிக்கொண்டு போவது. முதல் இரண்டுக்கும் என்னிடம் பதில் கிடையாது. மூன்றாவதற்கு உண்டு. எனக்குச் சொந்த ஊர் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை. மாநிலம் கேரளா என்றாலும் வீட்டிலும் கடையிலும் சந்தையிலும் தமிழ்தான். தங்கமணிக்கு ஊர் கம்பம். மாடியில் நின்று பார்த்தால் தெரிகிற மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கி. ஆக எனக்குப் பிறந்த வீட்டுப் பக்கம் பறம்பிக்குளம், மாமனார் வீட்டுப் பக்கம் தேக்கடி. நடுவில் வங்கி உத்தியோகம் :)

அதனால் ஊருக்குக் கிளம்புகிற நண்பர்கள் எல்லோரும் என்னிடம்தான் கேட்பார்கள். கேள்வி எப்போதும் ஒரே அச்சில் இருக்கும். "சார், தேக்கடி ஒரு நாள் முழுக்கத் தாங்குமா, இல்லை அரை நாளில் முடிந்துவிடுமா? வண்டிக்கு நாள் வாடகை கொடுக்கிறோமே..."

என் பதில் இதுதான். தாங்காது. தாங்கவும் கூடாது. மிருகங்களை வைத்துக் காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை இடைவெளியே இல்லாமல் நம்மை சந்தோஷப்படுத்துகிற ஓர் இடம் இருக்கிறது என்றால், அங்கே யாரோ மதிய வெயிலில் ஓவர்டைம் பார்க்கிறார்கள். அந்த ஓவர்டைமுக்குச் சம்பளமும் கிடையாது, லீவும் கிடையாது.

"என்னடா இவன், லீவில் ஊருக்குப் போகிறவனுக்குப் பாடம் எடுக்கிறான்" என்று நினைக்காதீர்கள். இதில் உங்கள் பணமும் சம்பந்தப்பட்டிருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஒன்று. இந்த "முழு நாள் தாங்குமா" கேள்வி நமக்கு மட்டும் வருவதில்லை. அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள். ஃபுளோரிடாவில் டிஸ்னிக்காரர்கள் 1998 ஏப்ரலில் 'அனிமல் கிங்டம்' என்று ஒரு பூங்கா திறந்தார்கள். சுமார் 580 ஏக்கர். இது வெறும் மிருகக்காட்சி சாலை இல்லை என்று விளம்பரம் வேறு. ஆனால் திறந்த நாளிலிருந்து அதற்கு ஒட்டிக்கொண்ட பெயர் 'அரை நாள் பூங்கா'. காரணம் எளிது. மாலையானால் மிருகங்கள் கொட்டிலுக்குப் போக வேண்டும். அதனால் பக்கத்தில் இருக்கிற மற்ற டிஸ்னி பூங்காக்கள் ராத்திரி வரை ஜேஜே என்று இருக்கும்போது, இது மட்டும் சீக்கிரமே கதவைச் சாத்திக்கொண்டிருந்தது. அதே காசு கொடுத்தவனுக்கு எரிச்சல் வராதா?

அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? 2006-ல் எவரெஸ்ட் மலை மாதிரி ஒன்று கட்டி அதற்குள் ரோலர் கோஸ்டர் விட்டார்கள். 2017 மே மாதம் 'அவதார்' படத்தை வைத்து 'பண்டோரா' என்று ஒரு முழு உலகத்தையே கட்டினார்கள். அதன் பிறகுதான் அந்த 'அரை நாள்' பேச்சு குறைந்தது. கவனிக்க வேண்டிய விஷயம், பண்டோராவில் உயிருள்ள மிருகம் ஒன்றுகூட சவாரி காட்டுவதில்லை. எல்லாம் மெஷின். அதாவது உலகத்திலேயே பொழுதுபோக்கு வியாபாரம் நன்றாகத் தெரிந்த கம்பெனி, எவ்வளவு பணம் இருந்தும், மிருகத்தை மட்டும் வைத்து ஒரு நாளை நிரப்ப முடியாது என்று ஒப்புக்கொண்டு மெஷினைக் கொண்டு வந்தது. மெஷினுக்குப் பசிக்காது, கால் வலிக்காது. பத்து மணி நேரம் ஓட்டலாம்.

சிங்கப்பூர் வேறு மாதிரி கணக்குப் போட்டது. மண்டாயில் மிருகக்காட்சி சாலை 1973-ல் வந்தது. ராத்திரி விழித்திருக்கும் மிருகங்களுக்கென்றே நைட் சஃபாரி 1994-ல் வந்தது. பகலில் அது திறப்பதே கிடையாது. பிறகு ஆற்று உயிரினங்களுக்கு 2013-ல் ஒன்று, பறவைகளுக்கு 2023-ல் ஒன்று, 2025-ல் மழைக்காடு ஒன்று. ஒவ்வொன்றும் தனி வாசல், தனி டிக்கெட். ஒரே டிக்கெட்டில் ஒரு நாள் முழுக்க என்று இழுக்காமல், இந்த மிருகத்தின் நேரம் இவ்வளவுதான், அதற்கு இவ்வளவு காசு என்று பிரித்துவிட்டார்கள். பர்ஸுக்கு வலிதான். ஆனால் நாணயமான வலி.

நாம் இருக்கிற துபாயையே எடுத்துக்கொள்ளுங்கள். 2017 டிசம்பரில் திறந்த துபாய் சஃபாரி பார்க் கோடைக்காலம் முழுக்க மூடிக் கிடக்கும். இந்த ஊரில் எதை வேண்டுமானாலும் ஏசி போட்டுக் கூட்டத்தை வரவழைப்பார்கள். மிருக விஷயத்தில் மட்டும் கடையைச் சாத்திவிடுகிறார்கள்.

நம் நாட்டிலும் சட்டமே இதைச் சொல்கிறது. இந்தியாவில் அங்கீகாரம் பெற்ற மிருகக்காட்சி சாலை எதுவானாலும் வாரத்தில் ஒரு நாளாவது பார்வையாளர்களுக்கு மூட வேண்டும். வண்டலூருக்குச் செவ்வாய்க்கிழமை போய் கேட்டில் நின்று திட்டியவர்கள் நம்மில் எத்தனை பேர்! அது ஊழியர் லீவு என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மிருகத்துக்கும் அன்றைக்குத்தான் நம் தொல்லையிலிருந்து லீவு.

நான் படித்தது பி.காம். அதில் காஸ்ட் அக்கவுண்டிங் என்று ஒரு பேப்பர். பாஸ் பண்ணிய பிறகு பாதி மறந்துபோனாலும் ஒரு விஷயம் மட்டும் மனதில் நின்றுவிட்டது. 'ஐடில் டைம்', அதாவது சும்மா இருக்கும் நேரம். இதில் இரண்டு வகை. கரண்ட் போனதால், மெஷின் ரிப்பேரானதால் வேலை நிற்கிற நேரம் ஒரு வகை. அது நஷ்டம், தனியாக எழுத வேண்டும். இன்னொன்று இயல்பான சும்மா நேரம். தொழிலாளி கேட்டிலிருந்து மெஷினுக்கு நடந்து வருகிற நேரம், டீ குடிக்கிற நேரம். அதை நஷ்டம் என்று எழுதக்கூடாது. அது இல்லாமல் வேலையே நடக்காது, அதனால் அடக்க விலையிலேயே சேர்த்துவிட வேண்டும் என்று வாத்தியார் சொல்வார்.

காட்டில் காலை பதினொன்று முதல் மூன்று வரை இருக்கிறதே, அது இயல்பான சும்மா நேரம். யானை ஒரு நாளில் முக்கால்வாசி நேரம் தின்றுகொண்டே இருக்கும் பிராணிதான். ஆனாலும் உச்சி வெயிலில் நிழல் தேடி ஒதுங்கி நிற்கும். காட்டெருமை படுத்து அசைபோடும். புலி எங்காவது தண்ணீர் ஓரம் தூங்கும். இந்த நாலு மணி நேரத்தை நஷ்டக் கணக்கில் எழுதி, "காசு கொடுத்தேன், ஒன்றும் தெரியவில்லை" என்று சொல்வது காஸ்ட் அக்கவுண்டிங் பேப்பரில் ஃபெயில் ஆகிற பதில் :)

இனி நம் ஊர்ப் பக்கம் வருவோம். ஒவ்வொரு இடமும் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று நான் பார்த்த அளவில் சொல்கிறேன்.

இரவிகுளம் (மூணாறு): போடியிலிருந்து போடிமெட்டு வழியாக ஏறினால் இடுக்கி. வரையாட்டுக்கான தேசியப் பூங்கா, 97 சதுர கிலோமீட்டர். அதில் நமக்கு அனுமதி ராஜமலைப் பகுதியில் கொஞ்ச தூரம் மட்டும். வனத்துறை பஸ்ஸில் ஏற்றிப்போய் இறக்கிவிடுவார்கள், பிறகு நடை. இரண்டு மணி நேரம், மிஞ்சிப் போனால் மூன்று. வரையாடு பெரும்பாலும் ரோட்டோரமே நிற்கும். குட்டி போடுகிற பருவமான பிப்ரவரி, மார்ச்சில் பூங்காவை மூடிவிடுவார்கள். 2025 ஏப்ரலில் கேரளாவும் தமிழ்நாடும் சேர்ந்து எடுத்த கணக்கில் இரண்டு மாநிலத்திலும் சேர்த்து 2,600-க்கு மேல் வரையாடுகள் இருந்தன. உலகத்தில் வேறு எங்கும் காட்டில் இல்லாத பிராணி. அதற்கு இரண்டு மாதம் கேட் பூட்டுவது ஒன்றும் பெரிய விலை இல்லை.

பறம்பிக்குளம்: இது பாலக்காடு மாவட்டம், முதலமடை பஞ்சாயத்து. ஆனால் பாலக்காட்டுக்காரன் போக வேண்டுமென்றால் கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டித் தமிழ்நாட்டுக்கு வந்து, பொள்ளாச்சி, ஆனைமலை, சேத்துமடை, டாப்ஸ்லிப் என்று சுற்றித் திரும்பவும் கேரளாவுக்குள் நுழைய வேண்டும். சொந்த வீட்டின் கொல்லைக்குப் பக்கத்து வீட்டு வழியாகப் போகிற கதை. 2010-ல் புலிகள் காப்பகம் ஆனது, மொத்தம் 643 சதுர கிலோமீட்டர் சொச்சம். ஆனப்பாடியிலிருந்து வனத்துறை வண்டியில், அங்கேயே பிறந்து வளர்ந்த காடர், மலசர் போன்ற பழங்குடி வழிகாட்டிகளோடு சுற்றி வர மூன்று, நாலு மணி நேரம். மான், காட்டெருமை, மயில் அநேகமாக நிச்சயம். யானை அதிர்ஷ்டம். புலி முன்ஜென்மப் புண்ணியம். கன்னிமாரா தேக்கு மட்டும் எந்த நேரத்துக்குப் போனாலும் நின்ற இடத்தில் நிற்கும், 450 வருஷத்துக்கு மேல் வயது என்கிறார்கள்.

தேக்கடி: பெரியாறு புலிகள் காப்பகம் 925 சதுர கிலோமீட்டர். அதில் நாம் பார்ப்பது முல்லைப் பெரியாறு அணை 1895-ல் கட்டிய பிறகு உண்டான ஏரியும் அதன் கரையும். படகு ஒரு நாளைக்கு ஐந்து சவாரி: காலை 7.30, 9.30, 11.15, மதியம் 1.45, 3.30. ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். இதில் மிருகத்தின் நேரத்தோடு ஒத்துப் போவது முதலும் கடைசியும்தான். நடுவில் இருக்கிற 11.15-ம் 1.45-ம் ஏரியின் அழகைப் பார்க்க.

ஆக எதுவும் முழு நாள் தாங்காது. கணக்கு முடிந்தது. பிரச்சினை இனிமேல்தான்.

நாம் வண்டிக்கு நாள் வாடகை கொடுத்திருக்கிறோம். பிள்ளைகள் "அடுத்து என்னப்பா" என்கிறார்கள். படகு பத்து மணிக்கே முடிந்துவிட்டது. அடுத்த ஐந்து மணி நேரத்தை என்ன செய்வது? இந்த வெற்றிடத்தை நிரப்பத்தான் குமுளியிலிருந்து அடிமாலி வரை ரோட்டோரம் தனியார் யானை சவாரி மையங்கள் முளைத்திருக்கின்றன. போர்டில் விலைப் பட்டியல் எழுதியிருக்கும். கால் மணி நேரச் சவாரி, அரை மணி நேரச் சவாரி, யானையைக் குளிப்பாட்ட ஒரு ரேட், தும்பிக்கையால் தண்ணீர் அடிக்க ஒரு ரேட், போட்டோவுக்கு ஒரு ரேட்.

போன ஆகஸ்டில் அப்படி ஓர் இடத்துக்கு மாமனார் வீட்டு ஆட்கள் எல்லோருமாகப் போனோம். பெயர் வேண்டாம். நாங்கள் போனபோது மணி பதினொன்றரை. முன்னால் பெரிய க்யூ. மச்சினன் டிக்கெட் எடுக்கப் போனான், நான் வேண்டாம் என்றேன். அவன் முகம் மாறிவிட்டது. "மாமா, வருஷத்துக்கு ஒரு தடவை வர்றீங்க. பிள்ளைக ஆசப்படுது. இதுல போய் என்ன கணக்குப் பாக்குறீங்க?" என்றான். அன்றைக்கு வண்டிக்கு டீசல் போட்டது அவன், சாப்பாடு வாங்கிக் கொடுத்தது அவன். அப்படிப்பட்டவனிடம் வேண்டாம் என்று சொல்வது சுலபமில்லை. என் மாமியார் ஒரு பக்கம், "மாப்பிள்ளை சொல்றாருல்ல, விடுப்பா" என்று சமாதானம் பண்ணினார். அன்று ராத்திரி வரை வீட்டில் பேச்சு கொஞ்சம் உப்புக் குறைவாகத்தான் இருந்தது.

அங்கே காத்திருந்த நேரத்தில் நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு மணி நேரத்தில் ஒரே பெண் யானை ஆறு சுற்று வந்தது. ஒரு குடும்பம் இறங்கும், அடுத்த குடும்பம் ஏறும். இடையில் ஒரு வாளித் தண்ணீர் வைத்தார்கள், குடித்து முடிப்பதற்குள் அடுத்த டிக்கெட். பாகனிடம் பேச்சுக் கொடுத்தேன். நல்ல மனுஷன், தமிழ் நன்றாகப் பேசினார். கூட்டம் எப்போது அதிகம் என்று கேட்டேன். "உச்சி நேரத்துலதான் சார் யாவாரம். போட்டு முடிச்சுட்டு எல்லாரும் இங்கதான வருவாங்க" என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் இருக்கிறது. காட்டில் இருக்கிற யானை நிழலில் ஒதுங்குகிற அதே நேரத்தில்தான் இந்த யானைக்கு டூட்டி உச்சத்தில் இருக்கிறது. ஏன்? காட்டு யானை ஒதுங்கிவிட்டதால் நமக்குப் பொழுது போகவில்லை. அந்தப் பொழுதை இந்த யானை தூக்கிச் சுமக்கிறது. "முழு நாள் தாங்குமா" என்ற நம் கேள்விக்கு யார் பதில் சொல்கிறார்கள் பாருங்கள்.

இது வெறும் பாவ புண்ணியப் பேச்சு மட்டுமில்லை. 2024 ஜூனில் அடிமாலி பக்கத்தில் கல்லாறில் இப்படியொரு சவாரி மையத்தில் யானை தன் பாகனையே மிதித்துக் கொன்றது. முறையான அனுமதி இல்லாமல் நடந்த மையம் என்று அப்போது செய்தி வந்தது. அடுத்த சவாரியில் யார் வீட்டுக் குழந்தை ஏற இருந்ததோ! யானையை வைத்துக் காட்சியோ சவாரியோ நடத்த வேண்டுமானால் பதிவு வேண்டும் என்று மத்திய அரசின் விதி 2001 முதலே இருக்கிறது. ஐயாயிரம் ரூபாய் கடனுக்கு என்னிடம் ஆறு காகிதம் கேட்கிற நம் ஆட்கள், பிள்ளையை யானை மேல் ஏற்றும்போது ஒரு காகிதம்கூடக் கேட்பதில்லை.

பார்த்தே தீர வேண்டும் என்ற வெறி காட்டுக்குள்ளும் ஆபத்துதான். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். படகின் வடிவத்தில் குறை, அளவுக்கு மீறிய கூட்டம் என்று பல காரணங்கள் சொல்லப்பட்டன. அதோடு சேர்த்துச் சொல்லப்பட்ட இன்னொன்று, கரையில் மிருகத்தைப் பார்த்ததும் ஆட்கள் ஒரே பக்கம் நெருக்கியது. அன்று போன உயிர்களைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. ஆனால் இன்றைக்கும் படகில் யாராவது "அங்கே பார், ஆனை!" என்றதும் எழுந்து ஓடுகிறவர்களைப் பார்க்கும்போது வயிற்றைக் கலக்குகிறது.

இன்னொரு வேடிக்கை. மிருகம் நம் நேரத்துக்கு வரவில்லை என்றால் டிக்கெட் காசு வீண் என்கிறோம். அது தன் நேரத்துக்கு வந்தால்? 2023 ஏப்ரல் கடைசியில் இடுக்கி சின்னக்கானலில் பிடித்த அரிக்கொம்பனைப் பெரியாறு காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். ஒரே மாதத்தில், மே 27-ம் தேதி, அது கம்பம் தெருவுக்குள்ளேயே வந்துவிட்டது. 144 போட்டார்கள். அடிபட்ட ஒருவர் பிறகு இறந்தே போனார். மாமனார் வீட்டில் மூன்று நாள் கதவைத் திறக்கவில்லை. ஜூன் 5-ம் தேதி தமிழ்நாடு வனத்துறை பிடித்துக் களக்காடு முண்டந்துறையில் விட்டது. காசு கொடுத்துப் பார்க்கப் போகிற அதே யானைதான். சுவருக்கு அந்தப் பக்கம், நாம் சொன்ன நேரத்தில், நாம் சொன்ன தூரத்தில் நிற்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். அப்படி நிற்கிற மிருகம் வேண்டுமென்றால் சங்கிலி வேண்டும்.

சரி, எதிர்த் தரப்பையும் பார்ப்போம். வங்கியில் கடன் மனுவை நிராகரிக்கும் முன் இரண்டு பக்கமும் எழுத வேண்டும், அந்தப் பழக்கம் போகவில்லை.

முதல் வாதம்: "பாகன் பிழைப்பு என்னாவது?" நியாயமான கேள்வி. வளர்ப்பு யானைக்குத் தீவனம் மட்டுமே ஒரு நாளைக்கு நூறு கிலோவுக்குக் குறையாது. சவாரி நின்றால் யானை பட்டினி என்பார்கள். ஆனால் பிழைப்புக்கு வேறு வழி இருக்கிறது என்று தேக்கடியே காட்டியிருக்கிறது. ஒரு காலத்தில் பெரியாறு காட்டில் திருட்டுத்தனமாக வயணப் பட்டை உரித்துக் கடத்தியவர்களை, 1990-களின் பிற்பாதியில் வனத்துறை கூப்பிட்டுப் பேசி வழிகாட்டிகளாக ஆக்கியது. காட்டின் சந்து பொந்தெல்லாம் தெரிந்தவர்கள். இன்றைக்கும் அந்த வழிகாட்டிக் குழுக்கள் பயணிகளைக் காட்டுக்குள் கூட்டிப் போகின்றன, கடத்தல்காரர்களைப் பிடித்தும் கொடுக்கின்றன. அங்கே மன்னான், பளியர் மக்களுக்கும் இதில் வேலை இருக்கிறது.

ஓய்வு என்பதும் நடக்காத காரியமில்லை. டாப்ஸ்லிப் பக்கத்தில் கோழிகமுத்தி முகாமில் கலீம் என்ற கும்கிக்கு 2023 மார்ச்சில், அறுபது வயதில், வனத்துறையினர் அணிவகுத்து மரியாதை செய்து ஓய்வு கொடுத்தார்கள். 99 ஆபரேஷன் பார்த்த யானை. எங்கள் ஊர் வங்கிகளிலும் அறுபதுதான். சவாரி மையத்து யானைக்கு ரிட்டயர்மெண்ட் தேதி என்ன என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது.

இரண்டாவது வாதம்: "காசு கொடுத்து இவ்வளவு தூரம் வந்தோம், பிள்ளைகளுக்கு போர் அடிக்கிறதே!" இதுவும் உண்மைதான். என் பெண்ணுக்குப் பதினாலு வயது, பையனுக்கு ஒன்பது. போன் சிக்னல் இல்லாத இடத்தில் முதல் ஒரு மணி நேரம் இரண்டு பேரும் வீட்டை விட்டுத் துரத்திய மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்கள். ஆனால் பொழுதுபோக்கு வேண்டுமென்றால் அதற்கு மெஷின் இருக்கிறதே. பாலக்காட்டுக்காரர்களுக்கு மலம்புழாவில் ஃபேன்டஸி பார்க் இருக்கிறது. வேண்டிய மட்டும் ராட்டினம் சுற்றட்டும், தண்ணீரில் குதிக்கட்டும், யாருக்கும் கால் வலிக்காது. பக்கத்திலேயே 1955-ல் காமராஜர் திறந்து வைத்த அணை, கானாயி குஞ்ஞிராமன் செய்த யட்சி சிலை, ரோப் கார், பாம்புப் பண்ணை எல்லாம் இருக்கிறது. எல்லாம் சேர்த்தால் முழு நாள் தாராளமாகத் தாங்கும். ராட்டினத்தையும் யானையையும் ஒரே தராசில் போடாதீர்கள் என்பதுதான் நான் சொல்வது.

மூன்றாவது வாதம்: "அப்படியானால் காட்டில் முழு நாள் என்பதே கிடையாதா?" உண்டு! தேக்கடியில் வனத்துறையின் மூங்கில் தெப்பப் பயணம் காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை. பத்து பேர்தான். கூடவே வழிகாட்டிகள், துப்பாக்கியோடு ஒரு வனக்காவலர். நடை, தெப்பம், சோறு, திரும்பவும் நடை. இரண்டு வருஷத்துக்கு முன் டிசம்பர் லீவில் நானும் பெண்ணும் போனோம். யானை பார்க்கவில்லை. தூரத்தில் காட்டெருமை இரண்டு, தண்ணீரில் நீர்நாய்க் கூட்டம் ஒன்று, யானைச் சாணம் நிறைய :) மதியம் மர நிழலில் எல்லோரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். வழிகாட்டியாக வந்த அண்ணன் எந்தச் சாணம் எந்த மிருகத்துடையது, எத்தனை மணி நேரம் பழையது என்று சொல்லிக்கொண்டிருந்தார். என் பெண் அவரிடம் கேட்ட கேள்விகளை அவள் சயன்ஸ் மிஸ்ஸிடம் கேட்டிருந்தால் எங்கேயோ போயிருப்பாள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் போனதில் முழு நாள் தாங்கியது அந்த ஒன்றுதான். அதில் 'ஐட்டம்' என்று பார்த்தால் மிகக் குறைவு. நாளை நிரப்பியது நம் காலும் கண்ணும் அந்த அண்ணனுடைய ஐம்பது வருஷ அனுபவமும். மிருகத்துக்கு அதில் எந்த வேலையும் இல்லை.

கடைசியாக, லீவில் போகிறவர்களுக்கு நடைமுறை யோசனைகள்:

1. துபாய்ப் பள்ளி லீவு ஜூலை, ஆகஸ்ட். அங்கே அது மழைக்காலம். காடு முழுக்கத் தண்ணீர் இருக்கும்போது யானை ஏரிக்கரைக்கு வர வேண்டிய அவசியமே இல்லை. தேக்கடியில் யானைக் கூட்டம் பார்க்க வேண்டுமென்றால் மார்ச், ஏப்ரல்தான் நல்ல காலம். மழையில் போகிறவர்கள் மழையைப் பார்க்கப் போங்கள், அதுவே நமக்கு இங்கே கிடைக்காத சமாச்சாரம்.

2. ஒரு நாளுக்கு ஒரு காடு போதும். காலைப் படகு 7.30-க்கு. அதற்குக் குமுளியில் முந்தின ராத்திரி தங்குங்கள். மதியம் சாப்பிட்டுத் தூங்குங்கள். யானை ஓய்வெடுக்கிற நேரத்தில் நாமும் ஓய்வெடுத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. மாலையில் 3.30 படகோ, ஏலக்காய்க் கடையோ உங்கள் இஷ்டம்.

3. பறம்பிக்குளம் போகிறவர்கள் வண்டியும் தங்குமிடமும் வனத்துறையிடம் முன்பே பதிவு செய்துவிடுங்கள். உள்ளே ஒரு ராத்திரி தங்கினால் நல்லது. அப்போது இரண்டு அந்தி, ஒரு விடியல் கைக்கு வரும். காட்டில் அதுதான் சம்பளம், மற்றதெல்லாம் படி.

4. வண்டிக்கு நாள் வாடகை பேசாதீர்கள். கிலோமீட்டர் கணக்கும் காத்திருப்புக் கணக்கும் தனியாகப் பேசுங்கள். "வாடகை ஓடுகிறதே" என்ற பதற்றம்தான் பாதிப் பேரை மத்தியானம் சவாரி மையத்துக்குத் தள்ளுகிறது.

5. மிருகம் இருக்கிற எந்தக் கட்டண இடத்துக்குப் போனாலும், துபாயோ சிங்கப்பூரோ குமுளியோ, கவுண்டரில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "மிருகத்துக்கு ரெஸ்ட் எத்தனை மணிக்கு?" உடனே நேரம் சொன்னால் தைரியமாக டிக்கெட் எடுங்கள். "அதெல்லாம் இல்ல சார், நாள் முழுக்க இருக்கு" என்று பெருமையாகச் சொன்னால், பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துவிட்டு வண்டியைத் திருப்புங்கள்.

டிஸ்கி: மச்சினன் இந்த வருஷமும் டூர் பிளான் அனுப்பியிருக்கிறான். அதில் முதல் வரி, "மாமா, காலைல 7.30 போட்டு, அப்புறம் அம்மா வீட்ல தூக்கம், சரியா?" சரிதாண்டா மாப்ளே.